வீட்டுக்குள் வருபவர் யார்?
பராமரிப்புப் பணியாளரும் நற்சான்றும்

"சுவாமி, ஒரு நற்சான்றுக் கடிதம் வேணும்" என்று கேட்டு மாதந்தோறும் சிலராவது என்னிடம் வருவார்கள். மகனுக்குப் பயிற்சி நெறி, மகளுக்கு வைத்தியசாலையில் சிற்றூழியர் வேலை, மருமகளுக்கு வெளிநாட்டில் முதியோர் பராமரிப்பு வேலை என்று காரணங்கள் பல. பெரும்பாலும் உடனேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். "இவரை எனக்கு நன்கு தெரியும். இவர் நன்னடத்தை உள்ளவர்" என்பதே வழக்கமான வாசகம். இடம்பெயர்ந்து வந்து மூன்று மாதங்கூட ஆகாத குடும்பத்தையும் எனக்கு 'நன்கு தெரியும்' என்று எழுதியிருக்கிறேன். இழந்தவற்றைச் சொல்லிக் கண்ணீருடன் நிற்பவரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை.

அண்மையில் அப்படி ஒரு கடிதத்துக்குக் கையொப்பமிடும்போது பேனை நின்றுவிட்டது. கடிதம் கேட்டு வந்தவர் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மூதாட்டியைப் பராமரிக்கப் போகிறார். மூதாட்டியின் பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கிறார்கள். அவர்கள் என் கடிதத்தை நம்பித்தான் தாயின் அறைக் கதவைத் திறந்துவிடப் போகிறார்கள். வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்கு என்ன உரிமை?

நோயாளரையும் முதியோரையும் பராமரிக்க வருபவர்களின் பின்னணியைச் சோதிப்பது பற்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடந்த சில பத்தாண்டுகளில் சட்டங்கள் பல வந்துள்ளன. அவை பெரும் துன்பங்களின் பின்னரே வந்தன. அந்த அனுபவங்களிலிருந்து நாம் கற்கக்கூடியவை உண்டு.

பராமரிப்புப் பணி ஏன் வேறுபட்டது?

வயலுக்குக் கூலியாள் பிடிக்கும்போது நாம் நற்சான்று கேட்பதில்லை. நாமும் கூடவே நின்று வேலை செய்கிறோம். வரம்பில் நின்று பார்த்தால் முழு வயலும் தெரியும். நோயாளியின் அறை அப்படிப்பட்டதன்று. குளிக்க வார்ப்பதும், உடுப்பு மாற்றுவதும், மருந்து கொடுப்பதும் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. வங்கிப் புத்தகமும் வீட்டுத் திறப்பும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பார்த்துச் சொல்ல மூன்றாம் ஆள் இல்லை.

நினைவு தடுமாறிய ஒரு முதியவர் "இவள் எனக்கு அடிக்கிறாள்" என்று சொன்னால் வீட்டார் அதை நம்பாமல் விடக்கூடும். அதே முதியவர் "என் சங்கிலியை எடுத்துவிட்டாள்" என்று சொல்ல, ஒரு பிழையும் செய்யாத பணிப்பெண் பழியோடு வெளியேற்றப்படவும் கூடும். பாதுகாப்பு இருவருக்கும் தேவை.

முன்பு இந்தக் கேள்வி நமது ஊர்களில் எழவில்லை. பாட்டியைப் பார்க்க மருமகள் இருந்தாள். மருமகளுக்கு இயலாதபோது அடுத்த வளவில் சித்தி இருந்தாள். மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்த அயல் அது. இடம்பெயர்வு அந்த அயலைச் சிதறடித்துவிட்டது. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். தாயைப் பார்க்க வருபவர் முன்பின் தெரியாதவர். ஆகவேதான் கடிதமும் சான்றிதழும் தேவைப்படுகின்றன.

இங்கிலாந்து கற்ற பாடம்

இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப வைத்தியர் இருந்தார். 1976ஆம் ஆண்டில், பெதிடின் என்னும் வலி நிவாரணி மருந்தைத் தன் சொந்தப் பாவனைக்குப் பெறுவதற்காகப் போலி மருந்துச் சீட்டுகள் எழுதிய குற்றத்துக்காக அவருக்கு நீதிமன்றம் 600 பவுண் தண்டம் விதித்தது. மருத்துவ சபை அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் எச்சரிக்கைக் கடிதத்துடன் விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த வைத்தியர்களிடம் தனது பழைய குற்றத்தைத் தானே சொன்னார். அவர்களும் திருந்தியவர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஊர் மக்களுக்கு அவர் கண்கண்ட நல்ல வைத்தியர். வயோதிபர்களின் வீடு தேடிச் சென்று வைத்தியம் பார்த்தார். அந்த வீடுகளிலேயே அவர்களுக்கு டயமோர்பின் என்ற மருந்தை அளவுக்கு மீறி ஏற்றிக் கொன்றார். 1998இல் ஒரு மூதாட்டி இறந்தபோது, அவருடைய சொத்தெல்லாம் வைத்தியருக்கே என்று ஒரு போலி மரண சாசனம் வெளிப்பட்டது. இறந்தவரின் மகள் ஒரு சட்டத்தரணி. அவர் சந்தேகம் கொண்டு பொலிஸாரிடம் போனதால்தான் உண்மை வெளிவந்தது. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். நீதிபதி ஜனற் ஸ்மித் தலைமையிலான விசாரணை 215 பேர் அவரால் கொல்லப்பட்டார்கள் என்று 2002இல் கண்டறிந்தது; மொத்தம் ஏறத்தாழ 250 பேராக இருக்கலாம் என்றும் பின்னர் மதிப்பிட்டது.

இங்கே குற்றப் பதிவு இருந்தது. மருத்துவ சபைக்கும் தெரியும், உடன் வேலை செய்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பதிவு ஒருவரையும் காப்பாற்றவில்லை. போதைக்கு அடிமையாகிக் குணமடைந்த வைத்தியருக்கு மறுவாய்ப்புக் கொடுத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். போலிச் சீட்டு எழுதிய எல்லாரும் கொலைகாரர் ஆவதில்லை. தவறு அதற்குப் பின்னர் நடந்தது. மறுவாய்ப்புக் கொடுத்தவர்கள் அவரைக் கண்காணிக்கவில்லை. அவர் எவ்வளவு மருந்து வாங்குகிறார், அவருடைய நோயாளர் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஆண்டுக் கணக்கில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாவது சம்பவம் 2002 ஓகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் நடந்தது. பாடசாலைக் காவலாளராக இருந்த இயன் ஹன்ட்லி என்பவர் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றார். இவர் முன்பு வாழ்ந்த பிரதேசத்தில் 1995 முதல் 1999 வரை இவர்மீது பாலியல் முறைப்பாடுகள் பல எழுந்திருந்தன. ஒன்றிலும் குற்றத்தீர்ப்பு வரவில்லை. அப்பிரதேசப் பொலிஸார் அந்தத் தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கவுமில்லை. மேலும் அவர் நிக்சன் என்ற இன்னொரு குடும்பப் பெயரையும் பயன்படுத்தினார். வேலைக்குச் சேர்த்தபோது அந்த ஒரு பெயரில் மாத்திரமே பொலிஸ் பதிவு பார்க்கப்பட்டது. 2004 யூனில் சேர் மைக்கேல் பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்தக் குறைகளை எடுத்துக் காட்டியது.

இப்படியான அனுபவங்களிலிருந்து இன்றைய ஒழுங்கு படிப்படியாக உருவானது. 2002இல் குற்றப் பதிவுப் பணியகம் வேலை தொடங்கியது. முதியோரையும் இயலாதவரையும் பராமரிக்கத் தகுதியற்றவர்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் 2004 யூலையில் நடைமுறைக்கு வந்தது. சோஹம் சம்பவத்தின் விளைவாக 2006இல் புதிய பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2012 டிசெம்பரில் இவற்றையெல்லாம் ஒன்றிணைத்து, டி.பி.எஸ். என்று மக்கள் சுருக்கமாக அழைக்கும் சேவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உருவானது.

முதியோர் இல்லத்தில் அல்லது வீட்டில் பராமரிப்பு வேலை செய்ய வருபவருக்கு இந்தச் சேவை விரிவான சான்றிதழ் ஒன்றை வழங்குகிறது. அதில் மூன்று விடயங்கள் அடங்கும். முதலாவது, நீதிமன்றத் தீர்ப்புகளும் பொலிஸ் எச்சரிக்கைகளும். இரண்டாவது, தீர்ப்பு வராவிட்டாலும் இந்த வேலைக்குத் தொடர்புடையது என்று பொலிஸ் அதிகாரி கருதும் தகவல். மூன்றாவது, தடைப் பட்டியலில் பெயர் உண்டா என்பது. தடைப் பட்டியலில் உள்ளவரைத் தெரிந்தும் வேலைக்கு வைப்பது குற்றம். நோயாளிக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் நிறுவனம், அதை இந்தச் சேவைக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். சான்றிதழ் வழங்கப்பட்ட நாள்வரைக்கான செய்தியைத்தான் அது சொல்லும். மறுநாள் நடப்பது அதில் இராது.

எல்லாரும் அறிந்திருந்தும் எவரும் சொல்லாத கதை

அமெரிக்காவின் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சார்ள்ஸ் கலன் என்ற ஆண் தாதி ஒன்பது வைத்தியசாலைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் பதினாறு ஆண்டுகள் மாறி மாறி வேலை செய்தார். நோயாளருக்கு டிஜொக்சின், இன்சுலின் போன்ற மருந்துகளை இரகசியமாகச் செலுத்திக் கொன்றார். 2003 டிசெம்பரில் கைதானார். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உண்மையான தொகை இதைவிட அதிகம் என்று நம்பப்படுகிறது. 2006இல் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும் பல ஆயுள் தண்டனைகள் அவருக்கு விதிக்கப்பட்டன.

அவர் இத்தனை இடங்களில் எப்படி வேலை பெற்றார்? நோயாளருக்குத் தீங்கு செய்தார் என்ற பதிவு எந்த நீதிமன்றத்திலும் இருக்கவில்லை. ஆனால் பல இடங்களில் அவர்மீது சந்தேகம் இருந்தது. 2002இல் பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில், மருந்துப் போத்தல்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. உடன் வேலை செய்த தாதியர் அவர்மீது முறையிட்டார்கள். நிருவாகம் அவரைத் தானாகவே விலகிப் போக விட்டது. அடுத்து வேலை கொடுப்பவர் விசாரித்தால், அவர் வேலை செய்த காலத்தை மாத்திரம் சொல்லி, நல்லதும் கெட்டதும் சொல்லாமல் விடுவதே அக்காலத்தில் பல நிறுவனங்களின் வழக்கம். ஏதேனும் சொன்னால் மானநட்ட வழக்கு வரும் என்ற பயம். தாதியருக்கு இருந்த தட்டுப்பாட்டால் புதிய இடத்தவரும் ஆழமாக விசாரிக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் நியூ ஜேர்சியில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே மாத்திரம் 13 பேரைக் கொன்றதை அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இறுதியில் அவரைப் பிடிக்க உதவியவர் கூடவே இரவு வேலை பார்த்த ஒரு தாதி. மருந்துப் பெட்டகத்தின் கணினிப் பதிவுகளைப் பார்த்துப் பொலிஸாருக்கு விளக்கியவர் அவர்தான். கலன் அவருக்கு நண்பர். ஆனாலும் நோயாளரின் உயிர் நட்பைவிடப் பெரிதென்று அவர் கண்டார்.

இதன் பின்னர் 2005இல் நியூ ஜேர்சி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. நோயாளரைப் பாதிக்கும் நடத்தைக்காக ஒருவர் நீக்கப்பட்டால் அல்லது விலகினால், அந்த நிறுவனம் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். இன்னொரு வேலை கொள்வோர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்துடன் உண்மை சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த மாநிலத்தில் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் உதவியாளர்களும் விரல் அடையாளம் கொடுத்துக் குற்றப் பதிவுச் சோதனைக்கு உட்பட வேண்டும். பெயரை மாற்றலாம், விரல் அடையாளத்தை மாற்ற முடியாது.

கலனின் கதையை வாசித்தபோது எனது நற்சான்றுக் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த நிருவாகங்கள் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டன. நான் தெரியாததைத் தெரிந்ததாக எழுதினேன். இரண்டினாலும் ஏமாறப் போகிறவர் கட்டிலில் கிடக்கும் நோயாளிதான்.

ஒரு சிறு பொதியின் விலை

இந்தக் கதைகளைக் கேட்டதும், "ஒருமுறை குற்றம் செய்தவரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது" என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியான வழி அன்று.

இங்கிலாந்தில் ஒரு பெண் 2001இல் ஒரு கடையில் செயற்கை நகப் பொதி ஒன்றைத் திருடியதற்காகப் பொலிஸாரால் எச்சரிக்கப்பட்டார். நீதிமன்றத்துக்குக்கூடப் போகவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2009இல், பராமரிப்பு வேலைக்கான பயிற்சியை முடித்தார். பின்னணிச் சோதனைச் சான்றிதழில் அந்தப் பழைய எச்சரிக்கை வந்துவிட்டது. பராமரிப்பு வேலைக்கு அவரை அனுப்ப முடியாது என்று பயிற்சி நிறுவனம் சொல்லிவிட்டது. அவர் நீதிமன்றம் போனார். காலத்தையும் குற்றத்தின் சிறுமையையும் பாராமல் எல்லாவற்றையும் எப்போதும் வெளிப்படுத்துவது மனித உரிமைக்கு முரணானது என்று பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2014 யூனில் தீர்ப்பளித்தது. 2013 முதலே பழைய சிறு குற்றங்களைச் சான்றிதழிலிருந்து வடிகட்டி நீக்கும் விதிகள் வந்திருந்தன. 2020 நவம்பரில் அவை மேலும் திருத்தப்பட்டன. சிறுபராயத்தில் பெற்ற எச்சரிக்கைகள் இப்போது தாமாகவே சான்றிதழில் வருவதில்லை.

பென்சில்வேனியாவில் 1990களில் வந்த சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. திருட்டு உட்படப் பட்டியலிலுள்ள குற்றங்களில் ஒன்றைச் செய்தவர் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்ய முடியாது. இளவயதில் ஒரு திருட்டில் சம்பந்தப்பட்டு, அதன் பின் பல பத்தாண்டுகள் நேர்மையாக வாழ்ந்தவருக்கும் கதவு மூடியே இருந்தது. அந்த வாழ்நாள் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று அம்மாநில நீதிமன்றம் ஒன்று 2015 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. சார்ள்ஸ் கலன் பல ஆண்டுகள் வேலை செய்ததும் இதே மாநிலத்தில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். என்றோ திருடியவரை வாசலில் மறித்த ஒழுங்கு, கொலைகாரருக்கு வழி விட்டது.

இது நமக்கு அந்நியமான விடயம் அன்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, குற்றம் நிரூபிக்கப்படாமலே விடுவிக்கப்பட்டவர்கள் நமது கிராமங்களில் உள்ளனர். கைது வேறு, குற்றத்தீர்ப்பு வேறு. "அவன் உள்ளுக்கு இருந்தவன்" என்ற ஒரு சொல்லால் ஒருவருடைய பிழைப்பை அழிப்பது பின்னணிச் சோதனை ஆகாது. அதேபோல, பின்னணி விசாரிப்பது என்றால் சாதி விசாரிப்பதோ, எந்த முகாமிலிருந்து வந்தவர் என்று இளக்காரமாகக் கேட்பதோ அல்ல. பராமரிக்கப்படுபவருக்கு இவரால் தீங்கு வருமா என்பதே கேள்வி.

நமது பிள்ளைகள் வெளிநாடு செல்லும்போது

பராமரிப்பு வேலைக்காக நமது பிள்ளைகள் பலர் வெளிநாடு சென்றுள்ளார்கள். பிரித்தானியா 2022இல் பராமரிப்புப் பணியாளருக்கான விசாவைத் திறந்தது. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அதை மூடிவிட்டது. ஆகவே இன்னும் அந்த விசா எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள். கனடாவில் குடியேறியவர்கள் பராமரிப்பு வேலைக்குச் சேரும்போது அங்குள்ள பொலிஸ் சோதனைக்கு உட்படுகிறார்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும் 'பொலிஸ் றிப்போட்' என்று நாம் சொல்லும் இலங்கைப் பொலிஸ் சான்றிதழ் கேட்கப்படலாம். இதில் இடம்பெயர்ந்தோருக்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு.

ஒன்று முகவரி. விண்ணப்பத்தில் வாழ்ந்த இடங்களைக் காலத்துடன் காட்ட வேண்டும். நம்மில் ஒருவர் பத்து ஆண்டில் ஐந்தாறு இடங்களில் வாழ்ந்திருப்பார்: சொந்த ஊர், உறவினர் வீடு, பாடசாலைக் கட்டிடம், முகாம், மீள்குடியேற்றக் காணி. தமிழ்நாட்டில் முகாம்களில் வாழ்ந்து திரும்பியவரிடம் இந்தியச் சான்றிதழும் கேட்கப்படலாம். ஆகவே எந்த ஆண்டு எந்த மாதம் முதல் எங்கே இருந்தீர்கள் என்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பங்கீட்டு அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவையாளரின் பதிவு முதலியவற்றின் பிரதிகளையும் சேர்த்து வையுங்கள்.

மற்றது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் வேறொரு விதம் என்று நமது பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலும் குழப்பம். சோஹமில் ஒருவர் இரு பெயரால் தப்பினார். நமது பிள்ளைகளோ ஒரு குற்றமும் செய்யாமல் இரு பெயரால் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். விண்ணப்பிக்கும் முன்னரே பெயரைத் திருத்திக் கொள்ளுங்கள். வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணின் பின்னணி சோதிக்கப்படுகிறது. அவள் போகும் வீட்டின் பின்னணியை யார் சோதிப்பது? மூடிய கதவுக்குள் தனியாக நிற்பது நோயாளி மட்டுமல்ல, அந்தப் பெண்ணும்தான். பிள்ளையை அனுப்பும் குடும்பம் அந்த வீட்டைப் பற்றியும், முன்பு அங்கு வேலை செய்தவர் ஏன் விலகினார் என்பதைப் பற்றியும் விசாரித்தே ஆகவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மாடு வாங்கப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம், பால் கறந்து பார்க்கிறோம். முன்பு வளர்த்தவரிடம் "ஏன் விற்கிறாய்?" என்றும் கேட்கிறோம். தாயைப் பார்க்க ஆள் வைக்கும்போது ஒரு கடிதத்துடன் திருப்தி அடைந்துவிடுகிறோம். பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. பழைய இடத்தில் நேரில் கேளுங்கள். கடைசியாக வேலை செய்த இரண்டு வீடுகளில் அல்லது நிலையங்களில் ஒருவருடன் பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் "ஓம், நல்லவர்" என்றே பதில் வரும். "என்ன வேலை செய்தார்? ஏன் விலகினார்? உங்கள் தாயைப் பார்க்க இவரைத் திரும்பவும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

2. இடைவெளியைக் கேளுங்கள். வேலை செய்யாத காலம் இருந்தால் காரணத்தை மரியாதையாக விசாரியுங்கள். இடம்பெயர்வு, பிள்ளைப்பேறு, நோய் என்று பல நியாயமான காரணங்கள் உண்டு. உண்மையுள்ளவர் சொல்லத் தயங்கமாட்டார்.

3. பழைய தவறை நிறுத்துப் பாருங்கள். என்ன தவறு, எப்போது, எத்தனை வயதில், அதன் பின் எப்படி வாழ்ந்தார், இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற ஐந்தையும் கேளுங்கள். முதியவரின் பணத்தைச் சென்ற ஆண்டு திருடியவரும், பதினாறு வயதில் மாங்காய் திருடியவரும் ஒன்றல்லர்.

4. வேலை தொடங்கிய பின்னும் பாருங்கள். முதல் மாதம் வீட்டார் ஒருவர் கூட இருங்கள். பின்னரும் சொல்லாமல் ஒருநாள் போய் வாருங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும் செலவழித்த பணத்தையும் எழுத ஒரு கொப்பி வையுங்கள். அந்தக் கொப்பி நேர்மையான பணியாளருக்கும் பாதுகாப்பு.

5. முதியவரின் சொல்லுக்குச் செவிகொடுங்கள். தனியாக இருந்து பேசுங்கள். காரணமற்ற காயம், திடீர்ப் பயம், ஒருவர் வந்ததும் வாய் மூடுதல் ஆகியவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

6. தெரிந்த தீங்கை மறைக்காதீர்கள். "பாவம், போகட்டும்" என்று சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால், அந்தப் பாவம் அடுத்த வீட்டு வாசலில்தான் இறங்கும். வதந்தி பரப்பாதீர்கள். ஆனால் பொறுப்புடன் ஒருவர் நேரே வந்து கேட்டால், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்.

கடிதம் எழுதும் எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. குருவானவரானாலும் அதிபரானாலும் கிராம சேவையாளரானாலும், எத்தனை காலமாகத் தெரியும், எப்படித் தெரியும் என்பதை எழுத வேண்டும். தெரியாததை எழுதாமல் விட வேண்டும். முதலில் சொன்ன பெண்ணின் கடிதத்தை நான் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். "இவரை மூன்று மாதங்களாகத் தெரியும். முகாமில் நோயுற்றிருந்த அயலவர் ஒருவரை இவர் பராமரித்ததைக் கண்டிருக்கிறேன். இதற்கு முந்திய காலம்பற்றி இவருடைய முன்னைய ஊரவரிடம் விசாரிக்கவும்" என்று எழுதி, அவ்வூரில் விசாரிக்கக்கூடிய ஒருவரின் பெயரையும் அவளிடமே கேட்டுச் சேர்த்தேன். "இப்பிடி எழுதினா வேலை கிடைக்குமோ சுவாமி?" என்று அவள் பயத்துடன் கேட்டாள். மூதாட்டியின் மகள் முன்னைய ஊருக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்தாள். வேலை கிடைத்தது. தெரிந்ததை மட்டும் சொன்ன கடிதம் என்பதால்தான் நம்பினோம் என்று அந்த மகள் பின்னர் எனக்குச் சொன்னாள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலோ பின்வரும் வினாக்களைப் பேசிப் பாருங்கள்.

1. நமது குடியிருப்பில் தனியாக வாழும் முதியோர் எத்தனை பேர்? அவர்களைப் பார்ப்பவர் யார்? வாரத்தில் ஒருநாளாவது அவர்களை எட்டிப் பார்க்கும் வேறொருவர் உண்டா?

2. பராமரிப்பு வேலை செய்பவரைப்பற்றி முறைப்பாடு வந்தால், இரு பக்கமும் கேட்டு நியாயமாக விசாரிக்க நம்மிடம் என்ன ஒழுங்கு உண்டு?

3. பழைய தவறு ஒன்றினால் வேலை கிடைக்காமல் இருப்பவர் நம்மிடையே உண்டா? அவருக்கு எந்த வேலையை, எப்படிப்பட்ட கண்காணிப்புடன் நாம் கொடுக்கலாம்?

4. ஒவ்வொரு குடும்பமும் தாம் வாழ்ந்த இடங்களின் விபரத்தை எழுதி வைத்துள்ளதா? எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க முன்வரும் இளைஞர் யார்?